ரீச்சர் போட்ட எண்கள்

ரீச்சர் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது என் பெயரை அல்ல. "நீர் தலைக்கு எண்ணெய் வைக்கிறனீரோ?" என்றுதான் கேட்டார்.

இலுப்பைக்கடவைக்கு அப்பால், கடற்கரை வீதியை ஒட்டியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நான் நியமனமில்லாத தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள் அது. சண்டை முடிந்து, சனங்கள் திரும்பிவந்து தங்கள் காணிகளில் பற்றை வெட்டத் தொடங்கியிருந்த காலம். பள்ளிக்கூடம் என்பது இரண்டு தகரக் கொட்டகைகளும் ஒரு தறப்பாள் பந்தலும்தான். பந்தலுக்குக் கீழே ஆசிரியர்களின் கதிரைகள். எண்ணெய் வைத்தால் எனக்குத் தடிமன் பிடித்து மூக்கொழுகும், வைப்பதில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, உயர்தர வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அந்த வகுப்பில் ஆறு பிள்ளைகள். முன்பு ஆய்வுகூடம் நின்ற இடத்தில் அத்திவாரமும், எப்படியோ உடையாமல் தப்பிய ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டியும் மட்டும் மிச்சமிருந்தன. என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கேட்காமல் கொள்ளாமல் என் பின்னலை அவிழ்த்தார். ஒரு பிளாஸ்ரிக் சீப்பால் இருபது தடவை வேகமாக வாரினார். அடியில் ஊசித்துளை போட்ட போத்தலை ஒரு பெடியன் உயர்த்திப் பிடித்திருந்தான். அதிலிருந்து தண்ணீர் நூல்போல் விழுந்துகொண்டிருந்தது. ரீச்சர் சீப்பை அந்த நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தண்ணீர் வளைந்து சீப்பைப் பார்த்து வந்தது.

பிறகு இன்னொரு போத்தலில் மண்ணெண்ணெய். மறுபடி என் தலையில் இருபது தடவை. மண்ணெண்ணெய் சீப்பைக் கண்டுகொள்ளாமல் நேரே கீழே விழுந்தது.

நான் தலைவிரி கோலமாக நிற்க, ரீச்சர் பாடத்தைச் சொன்னார். இரண்டு அணுக்கள் சேரும்போது இலத்திரன்களைப் பங்கு போடுகின்றன. ஆனால் பங்கு என்றால் சரிபாதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு அணுவுக்கும் தன் பக்கம் இழுக்கிற பலம் வேறு. அந்தப் பலத்துக்கு மின்னெதிர்த்தன்மை என்று பெயர், அதற்கு ஓர் எண்ணும் உண்டு. ஒட்சிசனுக்கு மூன்று தசம் ஐந்து, ஐதரசனுக்கு இரண்டு தசம் ஒன்று. தண்ணீரில் இவை இரண்டும் பங்கு போட்டிருக்கின்றன என்று பேர், ஆனால் இலத்திரன்கள் பெரும்பாலும் ஒட்சிசன் வீட்டில்தான் படுத்திருக்கும். அதனால் ஒட்சிசன் பக்கம் கொஞ்சம் மறை, ஐதரசன் பக்கம் கொஞ்சம் நேர். பக்கம் இருக்கிறபடியால் சீப்பு கூப்பிட்டால் திரும்புகிறது. மண்ணெண்ணெயில் காபனும் ஐதரசனும். இரண்டு தசம் ஐந்தும் இரண்டு தசம் ஒன்றும். வித்தியாசம் சொல்லும்படி இல்லை. பக்கமும் இல்லை. ஆர் கூப்பிட்டாலும் திரும்பாது.

ஒரு பிள்ளை எழுந்து, தண்ணீர் திரும்புவதற்கு இது மட்டும்தான் காரணமா என்று கேட்டாள். ரீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். "இல்லை. உள்ளுக்க வேற சங்கதியும் இருக்கு. அதைக் கம்பசில சொல்லித் தருவினம். முதல்ல அங்க போற வழியைப் பாரும்," என்றார். கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம்.

அன்றிலிருந்து என் தலைமுடி பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூட உபகரணம் ஆகிவிட்டது. மற்றப் பெண்பிள்ளைகள் எல்லோரும் வழிய வழிய எண்ணெய் வைப்பவர்கள். மாரிகாலத்தில் காற்றில் ஈரம் ஏறியதும் என் தலையும் பலிக்காமல் போகும். அப்போது ரீச்சர் என்னைக் குற்றவாளியைப் போல் பார்ப்பார்.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. சிரிப்பு மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிது. கீரி என்ற ஊரில் தாயுடன் இருந்தார். நான் பள்ளிமுனை. காலையில் மன்னார் பஸ் நிலையத்தில் சந்தித்து ஒன்றாகப் போவோம். குண்டும் குழியுமான அந்த வீதியில் இரண்டு மணித்தியாலம் கதைக்க நேரம் இருந்தது. ரீச்சர் கதைத்ததெல்லாம் ஒரே விசயம்தான்: யாருக்கும் யாருக்கும் இடையில் இழுவை எந்தப் பக்கம்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த தம்பதிக்கு அவர் எண் போட்டிருந்தார். மனைவிக்கு மூன்று, கணவனுக்கு இரண்டு தசம் ஒன்று. "ஐதரோக்குளோரிக்கமிலம். கண்ணாடிச் சாமானிலதான் வைக்கவேணும்," என்பார். எங்கள் அதிபருக்கும் உப அதிபருக்கும் தலா மூன்று தசம் ஐந்து. இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் ஒரே பலத்தோடு இழுத்ததால் பள்ளிக்கூடம் இம்மியும் அசையவில்லை. பிள்ளைகளுக்குக் காபனீரொட்சைட்டுப் படிப்பிக்கும்போது, பிணைப்பு ஒவ்வொன்றிலும் முனைவு இருந்தும் மூலக்கூறு முழுவதற்கும் ஏன் இல்லை என்பதை விளக்க, நடுவில் ஒரு வட்டமும் இருபக்கமும் மீசை வைத்த இரண்டு வட்டங்களும் கீறினார். பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. அதிபருக்கு யாரோ போய்ச் சொல்ல, அவர் தேடிவந்து பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உப அதிபரின் மீசை அவ்வளவு பெரிதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு முதல் நாளே இரண்டு தசம் ஒன்று கிடைத்திருந்தது. நான் நான்கு வயதில் படகில் இந்தியாவுக்குப் போய், முகாமில் வளர்ந்து, அங்கேயே இரசாயனத்தில் பட்டம் எடுத்து, அம்மாவுடன் திரும்பி வந்தவள். அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்ற கேள்விக்குக் கொழும்பிலிருந்து பதில் வருவதாக இல்லை. பதில் வரும்வரை நான் தொண்டர். அதைவிட, எனக்கும் ரீச்சருக்கும் சொற்களிலேயே தகராறு. நான் ஹைட்ரஜன் என்றால் அவர் ஐதரசன் என்பார். நான் ஆக்சிஜன் என்றால் ஒட்சிசன். வகுப்பில் மூன்று பிள்ளைகள் என்னைப்போல் முகாமிலிருந்து வந்தவர்கள், மூன்று பேர் வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்தவர்கள். அவர்களும் இரண்டு வாங்கில் பிரிந்து உட்கார்ந்து, ஒருவர் சொல்லை மற்றவர் நக்கலடித்தார்கள். ஒரு நாள் ரீச்சர் பாடம் முழுவதையும் என் சொற்களில், என் இராகத்தில் எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு அதே பாடத்தைத் தன் சொற்களில் எடுக்க வைத்தார். நான் பொற்றாசியம் என்று சொல்லப்போய் நாக்குத் தடக்கியபோது இரண்டு வாங்கும் சேர்ந்து சிரித்தன. அடுத்த நாள் வாங்குகள் கலந்திருந்தன.

ஆனால் இந்த எண் பைத்தியம் எப்போதும் நல்லபடி முடிந்ததில்லை. ஒரு கலியாண வீட்டில், பந்தியில் இருக்கும்போது, மணமக்களுக்கு என்ன எண் என்று நான் மெதுவாகக் கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை தலை நிமிராத பெடியன். பெண் தாலி ஏறும் முன்னமே அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ரீச்சர் பப்படத்தை நொறுக்கியபடி, வித்தியாசம் ஒன்று தசம் ஏழுக்கு மேலே போனால் பிறகு பங்கு என்ற பேச்சே இல்லை, ஒருவர் முழுதாகக் கொடுக்க மற்றவர் முழுதாக எடுத்துவிடுவார் என்று சொல்லி, "இது அயன் பிணைப்பு," என்று முடித்தார். பின்னால் பாயாசத்துடன் நின்ற பெண்ணின் சித்தி கடைசி இரண்டு சொற்களை மட்டும் கேட்டுவிட்டார். சட்டை அழுத்துகிற அயன்தான் அவருக்குத் தெரிந்தது. அது இரும்பு. இரும்பு மாதிரிப் பிணைப்பு என்று படித்த ரீச்சர் வாயால் வந்துவிட்டதாக அவர் பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து வந்து ரீச்சரைக் கும்பிட்டார். ரீச்சர் வாயில் சோற்றுடன் சிரிப்பை அடக்கிப் புரையேறி, கண்ணீர் வழிய, ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ரீச்சருக்கும் ஒருவர் இருந்தார். பள்ளிமுனைக்காரர். எட்டு வருடங்களுக்கு முன் பேச்சு முற்றாகி, மோதிரமும் மாற்றி, நோர்வேக்குப் போனவர். இங்கே மீன் பிடிக்கப் பஞ்சிப்பட்டுப் படுத்திருந்தவர் அங்கே தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறார் என்பது ரீச்சர் சொல்லும் வரலாறு. பாதை மூடியதும் சண்டையும் விசாவும் என்று எட்டு வருடம் போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்தபின் போன் எடுப்பார். அவர் அனுப்பிய படங்களை ரீச்சர் கைப்பையில் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் பனி, எல்லாவற்றிலும் காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி.

அதிபர் ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, ரீச்சர் நோர்வேக்குப் போனால் அந்த இடத்துக்கு என்னைத்தான் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். அதை நான் ரீச்சரிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, பஸ்ஸில் நோர்வேயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். அங்கே ஆய்வுகூடங்கள் எப்படி இருக்கும், பனி எவ்வளவு சுத்தம், தண்ணீர் குழாயில் எப்படி வரும் என்றெல்லாம். ரீச்சர் ஒரு கிழமை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நான் எப்போது நோர்வேயில் இருந்தேன் என்று விசாரித்தார். இன்னொரு நாள் பஸ்ஸால் இறங்கும்போது சொன்னார்: "உமக்கு இப்ப மூண்டு. எதையோ உம்மட பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறீர். என்னெண்டுதான் தெரியேல்லை."

அவர் சிரித்தபடிதான் சொன்னார். நான்தான் அன்று கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன்.

ஆவணி மாதம், திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வருகிற நாட்களில், நோர்வே மாப்பிள்ளை வந்தார். கீரியில் ரீச்சரின் வீட்டு முற்றத்தில் ஓட்டோ வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன். நல்ல உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். அந்த வெயிலிலும் தலையில் ஒரு தொப்பி. ரீச்சரின் தாயைக் கண்டதும் மரியாதைக்காக அதைக் கழற்றினார். உள்ளே ஒரு முடிகூட இல்லை. ரீச்சர் அவர் தலையைப் பார்த்தார், கைப்பையிலிருந்து படங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு கதிரையில் விழுந்து சிரிக்கத் தொடங்கினார். எட்டு வருடமாகக் குளிர் குளிர் என்று சொன்னது இதற்குத்தானா என்று கேட்கக்கூட மூச்சு வரவில்லை. சொல்லவேண்டும் என்றுதான் நினைத்ததாகவும், ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடம் வரும்போது லைன் கட்டாகிப் போனதாகவும் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். அதன் பிறகு அவரும் சிரித்தார். அவர் சிரிப்பு நன்றாக இருந்தது. எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது. போய்விடுவார்கள் என்று நிம்மதியாகவும் இருந்தது.

ஆனால் ரீச்சர் போவதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை கொடுக்கத் தொடங்கினார். விடிய ஐந்து மணி பஸ்ஸில் எங்களுடன் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். வந்தார். கொட்டகையில் கிடந்த ஆட்டுப் புழுக்கையைக் கூட்டச் சொன்னார். கூட்டினார். யாரோ நன்கொடையாகக் கொடுத்த இரும்பு அலுமாரியை வீதியிலிருந்து தனியாகத் தூக்கிவரச் சொன்னார். இடையில் மூன்று தடவை இளைப்பாறித் தூக்கிவந்தார். அதை அந்தப் பக்கம் வைத்தால் நல்லது என்றார். அந்தப் பக்கம் வைத்தார். மீசையை எடுத்தால் எப்படியிருக்கும் என்று கேட்டார். அடுத்த நாள் மீசை இல்லை. இல்லை, மீசையோடுதான் வடிவு என்றார். சரி, மூன்று கிழமை பொறும் என்று மாப்பிள்ளை சொன்னார். தான் இங்கேயே இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ரீச்சர் கேட்டதற்கு, நோர்வே வேலையை விட்டுவிட்டு வருவேன் என்றார். தான் அங்கே வந்தால் என்று கேட்டதற்கு, அதுவும் நல்லதுதான் என்றார்.

தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் இதை ரசித்தார்கள். இப்படி ஒரு மனிதனை ஏன் வதைக்கிறீர்கள் என்று கடைக்காரர் மட்டும் ஒருமுறை தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் மனைவி திரும்பிப் பார்க்கவும் உள்ளே போய்விட்டார்.

ஒரு பின்னேரம் பஸ் பாலத்தடி உப்பளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பின் சீற்றில் வாய் திறந்து நித்திரை. பாத்திகளில் உப்பு வெள்ளையாகக் குவிந்திருந்தது. ரீச்சர் அன்று பகிடி விடவில்லை. சோடியத்துக்கு வெறும் தசம் ஒன்பது, குளோரீனுக்கு மூன்று, அதனால் சோடியம் தன் இலத்திரனைப் பங்குகூடக் கேட்காமல் கொடுத்துவிடுகிறது என்றார். தன் தாய்க்குப் பிடித்த கறி எது என்று தனக்கு இன்றுவரை தெரியாது என்றார். தகப்பனுக்கு எது பிடித்ததோ அதுதான் அவவுக்கும் பிடித்ததாம். தகப்பன் செத்துப் பதினைந்து வருடமாகியும் தாய் அதே கறியைத்தான் வைக்கிறாவாம்.

பிறகு பின்னால் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"இவர் கேட்டதெல்லாம் தாறார். எனக்குப் பயமாக் கிடக்கு. இப்பிடியே தந்துகொண்டிருந்தா ஒரு நாள் வீட்டில நான் மட்டும்தான் இருப்பன். எனக்கு வீட்டில இன்னொரு ஆள் வேணும். ஒருக்கா, ஒரேயொருக்கா, ஏலாதெண்டு சொல்லமாட்டாரோ இந்த மனுசன்?"

கட்டினால் எல்லாம் சரியாகிவிடும், நோர்வேக்குப் போனால் இன்னும் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். ரீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கிழமை, காலையில் பஸ்ஸால் இறங்கியதும், ஒட்டிய உறை ஒன்றை என் கையில் தந்தார். மன்னார் வலயக் கல்வி அதிகாரியின் கந்தோருக்கு முகவரியிட்டிருந்தது. "இது என்ர விலகல் கடிதம். பியோன் இண்டைக்குப் பத்து மணி பஸ்ஸில தபால் கொண்டு போறவர். நான் சொல்லாமல் குடுக்காதையும். அவரோட இன்னும் ஒருக்காக் கதைக்கவேணும்," என்றார்.

நான் தலையாட்டினேன். ரீச்சர் வகுப்புக்குப் போனார். நான் பந்தலுக்குக் கீழே இருந்தேன். உறையை மடியில் வைத்துக்கொண்டு என் அம்மாவை நினைத்தேன், கொழும்பிலிருந்து வராத பதிலை நினைத்தேன், ரீச்சர் மனம் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு எழுந்துபோய்ப் பியோன் அண்ணையின் பைக்குள் அதைப் போட்டேன். அவர் தன் கொப்பியில் 'உறை ஒன்று' என்று பதிந்துகொண்டார்.

பத்தரைக்கு இடைவேளை. மாப்பிள்ளை தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தார். ரீச்சர் நேரே அவரிடம் போய், தான் விலகல் கடிதம் எழுதிவிட்டதாகவும், கலியாணத்தை முடித்துக்கொண்டு அடுத்த மாதமே அவருடன் வருவதாகவும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது ஏலாது," என்றார்.

ரீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் மூண்டு கிழமையா அந்த ஆறு பிள்ளையளையும் பாக்கிறன். வாற வருசம் சோதினை. அதுகள் எழுதி முடியுமட்டும் நான் உம்மைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன். நீர் அழுதாலும் சரி, இந்தக் கடைக்கு முன்னால உருண்டாலும் சரி. கலியாணத்தை இப்ப முடிப்பம். நான் போய் வேலை செய்யிறன். நீர் சோதினை முடியத்தான் வரவேணும். கடிதத்தைக் கிழியும்."

அவர் குரல் உயரவேயில்லை. ஆனால் கடைக்காரர் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டார். ரீச்சரின் முகம் சிவந்து, வாய் மெல்லத் திறந்து, அந்தப் பெரிய சிரிப்பு வந்தது. இந்தத் தடவை சத்தம் இல்லை. மாப்பிள்ளையின் பக்கத்தில் வாங்கில் அமர்ந்து, அவர் குடித்து மிச்சம் வைத்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "கடிதத்தைத் தாரும்."

நான் வீதியைப் பார்த்தேன். பியோன் அண்ணை போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

ரீச்சர் என் முகத்திலிருந்தே எல்லாவற்றையும் வாசித்துவிட்டார். கோபப்படவில்லை. எத்தனை மணிக்குக் கொடுத்தீர் என்று மட்டும் கேட்டார். எட்டு மணி என்றேன். மாப்பிள்ளை எழுந்து, அதிபரின் மோட்டார் சைக்கிளைக் கேட்டு வாங்கித் தான் போவதாகச் சொன்னார். ரீச்சர் அவர் கையைப் பிடித்து இருத்தினார். "நீங்கள் இருங்கோ. அவவே போகட்டும்."

மீன் ஐஸ் ஏற்றிப் போன லொறி ஒன்றை மறித்து ஏறினேன். பஸ் எல்லா இடத்திலும் நின்று நின்று போகும், லொறி நிற்காது. அந்த வீதியில் இருந்த ஒவ்வொரு குழியும் என் முதுகெலும்பில் பதிந்தது. கடைசியில், பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்துச் சனங்களை இறக்கியிருந்தார்கள். பியோன் அண்ணை வரிசையில் நிற்காமல், நிழலில் குந்தியிருந்து சோற்றுப் பார்சலை விரித்துக்கொண்டிருந்தார். தபால் பை அவர் மடியில்.

நான் அழுதபடி விசயத்தைச் சொன்னேன். அவர் நியாயமான மனிதர். ஆனால் கொப்பியில் உறை ஒன்று என்று பதிந்தாகிவிட்டது, உறை ஒன்று கந்தோருக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றார். நிறைய யோசித்து வழியும் அவரே சொன்னார்: உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் கடதாசியை வைத்து ஒட்டினால், உறை போனதாகவும் இருக்கும், கடிதம் போகாததாகவும் இருக்கும்.

உறையைப் பிரித்தேன். உள்ளே விலகல் கடிதம் இல்லை.

அது என்னைப் பற்றிய கடிதம். இந்தியாவில் பட்டம் பெற்ற இந்த ஆசிரியையின் தகைமையை உறுதிப்படுத்துவதில் உள்ள தாமதத்தை விரைவில் தீர்க்கும்படி கேட்டிருந்தது. முகாமிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பில் படிப்பிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவரே என்றும், பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது இரசாயனவியல் ஆசிரியராக இவரையே நியமிக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தது. கடைசியில், 'பொறுப்பானவர், எந்தக் கடதாசியையும் இவரை நம்பிக் கொடுக்கலாம்' என்று ஒரு வசனம். கீழே ரீச்சரின் கையெழுத்து, அதற்குக் கீழே அதிபரின் கையெழுத்து. திகதி முந்தைய நாளுக்குரியது.

நான் வெயிலில் நின்று அதை மூன்று தரம் வாசித்தேன். பியோன் அண்ணை என்ன, என்ன என்று கேட்டார். கடிதத்தை மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்தேன். ஒட்டப் பசை இல்லை. அவருடைய பார்சலிலிருந்து நாலு சோறு கேட்டு வாங்கி, நசித்து ஒட்டி, உறையை அவர் பைக்குள்ளேயே திரும்பப் போட்டேன். சோற்றில் பருப்புக்கறி பட்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது கடைசிப் பாடம் முடிந்திருந்தது. பஸ்ஸில் ரீச்சர் எனக்கு யன்னல் பக்கத்தை விட்டுத்தந்தார். பிடித்தீரா என்று கேட்டார். பிடித்தேன் என்றேன். உள்ளே பார்த்தீரா என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது," என்று சொல்லிவிட்டு, பின்னால் இருந்த மாப்பிள்ளையுடன் கலியாணச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். ஆட்டிறைச்சியா கோழியா என்பதில் மாப்பிள்ளை விட்டுக்கொடுக்கவே இல்லை. மன்னார் வரும்வரை சண்டை பிடித்தார்கள். ரீச்சர் இவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்று ஞாயிறு மாதா கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசித்துக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை போனார். அடுத்த வருடம் பிள்ளைகள் சோதினை எழுதினார்கள். அன்று கேள்வி கேட்ட பிள்ளை கம்பசுக்குப் போனாள். ரீச்சர் நோர்வேக்குப் போனார். அந்த ஒரு வருடமும் நாங்கள் தினமும் ஒன்றாகப் பஸ்ஸில் போனோம், ஒன்றாகப் படிப்பித்தோம், அவர் எல்லோருக்கும் எண் போட்டார். கடிதத்தைப் பற்றி மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அதன் பிறகு அவர் எண்ணும் போடவில்லை.

அவர் போய் ஐந்து மாதத்தின் பின் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் விண்ணப்பக் கோவையைப் புரட்டி, ஓர் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒட்டிய இடத்தில் மஞ்சளாக இருப்பது என்ன என்று கேட்டார். பருப்புக்கறி சேர், என்றேன். எப்படி வந்தது என்று கேட்டார். பொய் சொல்ல ஒன்றுமே வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், கடிதத்தை வாசித்தபோது என்ன நினைத்தீர்கள் என்றார்.

"கடைசி வசனம் பொய்யெண்டு நினைச்சனான், சேர்."

அவர் அந்த வசனத்தைத் தேடி வாசித்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்து வைத்தார்.

அன்று பின்னேரமே நோர்வேக்குப் போன் எடுத்தேன். நியமனம் கிடைத்ததைச் சொன்னேன். பிறகு, எட்டு மணிக்கு நான் ஏன் கொடுத்தேன் என்பதை, அதிபர் எனக்குச் சொல்லியிருந்ததை, உறையைப் பிரித்து வாசித்ததை, பஸ்ஸில் இல்லை என்று பொய் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரியிடம் சொன்னதையும் சொன்னேன். ரீச்சர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், எந்த வசனம் பொய் என்று சொன்னீர் என்று கேட்டார். எந்தக் கடதாசியையும் இவரை நம்பிக் கொடுக்கலாம் என்ற வசனம் என்றேன்.

"நான் எழுதேக்க அது உண்மைதான்," என்றார் ரீச்சர். "அடுத்த நாள் காலமை எட்டு மணிக்குத்தான் பொய்யாப் போச்சு."